அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள்!

ஐ.ஐ.டி. மெட்ராஸில் வேலை பார்க்கும் எங்களுக்குக் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் வரிசைகட்டி நிற்கும் மெயில்களில் பாதி அழைப்பிதழ்கள்தான். ‘இன்று மாலை நாலு மணிக்குச் சிறப்புரை’, ‘சனிக்கிழமை காலை பறவை நடை’, ‘ரத்த தான முகாம்’, ‘வீணைக் கச்சேரி, அனைவரும் வருக’. தலைப்பைப் பார்த்ததுமே அழித்துவிடுகிறவர்கள் நிறைய. நான் அவற்றைத்தான் முதலில் திறப்பேன். எனக்கு ஒரு துறை அலுவலகத்தில் வேலை, வளாகத்துக்குள்ளேயே குவார்ட்டர்ஸ். நான் கேட்ட நல்ல சங்கீதம், பார்த்த நல்ல நடனம், வாய்பிளந்து நின்ற விஞ்ஞானம் எல்லாமே பெரும்பாலும் இந்த மெயில்கள் சொல்லிக் கிடைத்தவை. ஜனவரி முதல் ஜூன் வரை இந்த வளாகம் போடும் விருந்துக்கு ஈடாகச் சென்னையில் வேறொன்றை நான் கண்டதில்லை. அதைச் சத்தமாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆண்டுக் கடைசியில் செமஸ்டர் முடிந்ததும் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவார்கள். கங்கா, காவேரி, நர்மதா, தாமிரபரணி என்று நதிகளின் பெயர் வைத்த ஹாஸ்டல்கள் மெல்ல அடங்கும். ஆனால் ஒரு கூட்டம் மட்டும் போகாது. சாஸ்திரா, சாரங் வேலையாக இருக்கும் பிள்ளைகள் அவர்கள். ஜனவரி முதல் வாரத்தில் தொழில்நுட்ப விழாவான சாஸ்திரா. அது முடிந்த சூட்டோடு பொங்கலை ஒட்டிக் கலைவிழாவான சாரங். இரண்டையும் நடத்துகிறவர்கள் மாணவர்கள். அரங்கு, மேடை, ஒலி, விளம்பரதாரர், விருந்தினர் தங்குமிடம், வாசல் பாதுகாப்பு, கணக்கு வழக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘கோர்’, அவருக்குக் கீழே கோஆர்டினேட்டர்கள், அவர்களுக்குக் கீழே தன்னார்வலர்கள். எல்லாருக்கும் வயது பதினெட்டிலிருந்து இருபத்திரண்டுக்குள்.

எங்கள் அலுவலகத்துக்கும் வருவார்கள். “மேடம், இந்த ஹால் எங்களுக்கு நாலு நாள் வேணும், பேராசிரியர்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டோம், நீங்க பார்த்துச் சொல்லுங்க” என்று தெளிவாகத் தட்டச்சடித்த விண்ணப்பத்தை நீட்டுவார்கள். எத்தனை நாற்காலி, எத்தனை மணிக்குக் காலி செய்வார்கள், பூட்டுச் சாவி யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். சொன்ன நேரத்தில் சாவி திரும்ப வரும், ஹால் கூட்டிப் பெருக்கப்பட்டிருக்கும். மாணவர்களே நடத்தும் விழாக்களில் உலகிலேயே முதன்முதலாக ஐ.எஸ்.ஓ. 9001 தரச்சான்று பெற்றது சாஸ்திரா என்று சொல்வார்கள். அந்த விண்ணப்பங்களைப் பார்த்த எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

சாரங்குக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1974-ல் ‘மார்டி கிரா’ என்ற பெயரில் தொடங்கி, 1996-ல் இன்றைய பெயருக்கு மாறியது. அதன் உயிர் ஓ.ஏ.டி. என்று எல்லோரும் சொல்லும் திறந்தவெளி அரங்கத்தில் இருக்கிறது. அரைவட்டமாகப் படிகள், சுற்றிலும் மரங்கள், தலைக்கு மேலே வெறும் வானம். மார்கழிப் பனியில் அந்தப் படியில் துண்டு விரித்து உட்கார்ந்து கிளாசிக்கல் நைட் கேட்பதைப் போன்ற சுகம் எந்த சபாவிலும் இல்லை. சபாவில் கேட்கும் அதே ராகம்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மீசை அரும்பும் பொடியன். ஆலாபனை உச்சத்துக்குப் போகும்போது அவன் தன்னை மறந்து கை நீட்டி ‘ஆஹா’ என்கிறான். அவனுக்கு அது என்ன ராகம் என்று தெரியாமல்கூட இருக்கலாம். கர்நாடக சங்கீதத்தின் எதிர்காலம் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் எல்லாரும் ஒரு முறை அந்தப் படிகளில் வந்து உட்கார வேண்டும்.

கோரியோ நைட் இன்னொரு தினுசு. பல கல்லூரிகளின் நடனக் குழுக்கள் மோதும் இரவு அது. மாதக்கணக்கில் மொட்டை மாடியிலும் பார்க்கிங்கிலும் பயிற்சி எடுத்த கால்கள் ஒரே நேரத்தில் தரையில் இறங்கும்போது படிகளே அதிரும். எந்தக் குழுவுக்கு ஆதரவு என்பதெல்லாம் சிறிது நேரத்தில் மறந்துபோய், நன்றாக ஆடியவர்களுக்கு மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டும். என் மகள் பள்ளிக்கூடக் காலத்தில் அங்கே உட்கார்ந்து பார்த்துத்தான் ஆட ஆரம்பித்தாள். பாப் நைட், ராக் இசை ஆகியவற்றுக்குக் கூட்டம் அலைமோதும். அதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் மனசுக்கு மிகவும் நெருக்கமானது வேறொன்று. அண்மை ஆண்டுகளில் சாஸ்திராவை ஒட்டி, பொதுமக்களுக்கு ஆய்வுக்கூடங்களைத் திறந்துவிடுகிறார்கள். கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமலே வருஷக்கணக்காக நான் கடந்து போன கட்டடங்கள் அன்றைக்கு விரியத் திறந்து கிடக்கும். பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக நடந்து வருவார்கள். கடல்சார் பொறியியல் துறையில் கண்ணாடிச் சுவர் வைத்த நீளமான நீர்த்தொட்டி ஒன்று உண்டு. ஒரு முனையில் இருக்கும் பலகை முன்னும் பின்னும் அசையும். அலை எழுந்து, தொட்டியின் நீளம் முழுக்க ஓடி, மறுமுனையில் வைத்திருக்கும் மாதிரி அலைத்தடுப்பில் மோதிச் சிதறும். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் இப்படிச் சின்ன அளவில் அலையை உண்டாக்கி, கல்லும் கான்கிரீட்டும் தாங்குமா என்று சோதித்துப் பார்க்கிறார்கள்.

அதைப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தவர் பேராசிரியர் அல்ல, அந்த ஆய்வுக்கூடத்தின் டெக்னீஷியன். மெஸ் பக்கம் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போகும் அமைதியான மனிதர். அன்றைக்கு அவர் பேசிய தமிழைக் கேட்டிருக்க வேண்டும்! “மெரினாவுல அலை வருதுல்ல, அது காத்து தள்ளுறது. இங்க இந்தப் பலகை தள்ளுது. வேகத்தைக் கூட்டட்டுமா?” என்றார். “கூட்டுங்க சார்!” என்று ஒரே குரலில் கத்தினார்கள். தண்ணீர் விளிம்பு வரை எகிறியது. ஒரு சிறுமி, “அப்ப சுனாமியையும் இதுல பண்ணலாமா சார்?” என்று கேட்டாள். அவர் குனிந்து, அவள் உயரத்துக்கு வந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார். சுனாமி அலையின் நீளம் எப்படி வேறு, அது ஆழ்கடலில் ஏன் கண்ணுக்குத் தெரியாது, கரைக்கு வரும்போது ஏன் உயர்கிறது என்று படம் வரைந்து காட்டினார். பின்னால் நின்றிருந்த ஆய்வு மாணவர்களும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்வி நிறுவனம் பேராசிரியர்களாலும் மாணவர்களாலும் மட்டும் நடப்பதில்லை என்பதை ஊரே பார்க்கும் நாள் அது. ஊழியர்கள் கட்டாயம் குடும்பத்தோடு வர வேண்டும். அப்பா எங்கே வேலை பார்க்கிறார், அம்மா என்ன இயந்திரத்தை இயக்குகிறார் என்று வீட்டுப் பிள்ளைகள் நேரில் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

அந்தச் சூடு ஆறுவதற்குள் செமஸ்டர் இறுதிவாக்கில் சி.எஃப்.ஐ. எனப்படும் புத்தாக்க மையத்தின் கண்காட்சி வரும். 1981-ல் படிப்பை முடித்த முன்னாள் மாணவர்களின் நிதியில் 2008-ல் தொடங்கிய இடம் அது. யோசனையோடு உள்ளே வா, பொருளோடு வெளியே போ என்பதுதான் அங்கே கொள்கை. இரவு பகல் என்று கிடையாது. எப்போது போனாலும் யாராவது எதையாவது இழைத்துக்கொண்டோ பற்றவைத்துக்கொண்டோ இருப்பார்கள். கண்காட்சி நாளில் ரஃப்தார் குழுவின் பந்தயக் கார், அக்னிரத் குழுவின் சூரியசக்திக் கார், தானாக ஓடும் வண்டி, செவ்வாய்க் கிரகத்தில் ஓட்டுவதற்கான ரோவர் மாதிரி என்று அணிவகுத்து நிற்கும். கிரீஸ் கறை படிந்த சட்டையோடு ஒரு மாணவி, சக்கரத்தைக் கழற்றி உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்கு விளக்கினார். எனக்கு எஞ்சினியரிங் படிப்பில்லை. அதை ஒரு குறையாகவே நினைக்காமல், “இதைத் தொட்டுப் பாருங்க அக்கா, எவ்வளவு லேசா இருக்கு” என்று என் கையில் கொடுத்தார்.

குழாய்க்குள் அதிவேகமாக ஓடும் வண்டி செய்ய இங்கிருந்து கிளம்பிய ஆவிஷ்கார் ஹைப்பர்லூப் குழு 2019-ல் அமெரிக்காவில் நடந்த ஸ்பேஸ்எக்ஸ் போட்டியின் இறுதிச் சுற்று வரை போனது. ஆசியாவிலிருந்து அந்தச் சுற்றுக்குப் போன ஒரே அணி இவர்கள்தான். இன்று தையூரில் இருக்கும் எங்கள் இன்னொரு வளாகத்தில் நானூறு மீட்டருக்கும் அதிக நீளத்தில் ஹைப்பர்லூப் சோதனைக் குழாய் படுத்திருக்கிறது. ஏதர் மின்சார ஸ்கூட்டரைத் தந்தவர்கள் இங்கே படித்த பையன்கள். ஒரே துண்டாக முப்பரிமாண முறையில் அச்சிட்ட எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவிய அக்னிகுல், இங்கே வளர்த்தெடுக்கப்பட்ட நிறுவனம். செய்தித்தாளில் இதையெல்லாம் படிக்கும்போது, மேசை மேல் அரைகுறையாகக் கிடந்த பாகங்களைப் பார்த்தவள் என்ற பெருமை எனக்கு வந்துவிடுகிறது. யார் வேண்டுமானாலும் அடையக்கூடிய பெருமைதான் அது. ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்து போனால் போதும்.

மே மாத வெயிலில் வளாகம் தூங்கிவிடும் என்று நினைப்பவர்கள் ‘பாரடாக்ஸ்’ விழாவைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். 2020-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் டேட்டா சயின்ஸில் ஆன்லைன் வழியான பட்டப்படிப்பைத் தொடங்கியது. நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் போக வசதியில்லாதவர்கள், வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இதில் இருக்கிறார்கள். கல்லூரிக்கு வராமலே கல்லூரி மாணவர்கள். கோடையில் நடக்கும் பாரடாக்ஸுக்கு அவர்கள் நாடு முழுவதிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். ஹாஸ்டல்களுக்கு நதிகளின் பெயர் என்றால், இவர்களின் அணிகளுக்குக் காடுகளின் பெயர்: கார்பெட், காசிரங்கா, பந்திப்பூர், சுந்தரவனம். எங்கள் பக்கத்து அலையாத்திக் காடான பிச்சாவரமும் உண்டு.

அவர்கள் கஜேந்திரா சர்க்கிளில் இறங்குவதைப் பார்க்க வேண்டும். யானைச் சிலைகளின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்களே கிடையாது. இதுவரை திரையில் சின்னக் கட்டமாக மட்டும் தெரிந்த முகம் எதிரே முழு ஆளாக வந்து நிற்கும்போது, ‘நீதானா அது!’ என்று கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். நரைத்த தலையோடு ஓர் அம்மா, மகன் வயதுப் பிள்ளைகளின் அணியில் நின்று விநாடி வினாவில் பதில் சொன்னதையும், அவரைத் தூக்காத குறையாகப் பிள்ளைகள் கொண்டாடியதையும் நான் கண்ணால் பார்த்தேன். எல்லா விழாக்களிலும் எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் பாரடாக்ஸ் என்பேன். மற்ற மாணவர்களுக்கு வளாகம் தினசரி வாழ்க்கை. இவர்களுக்கு அது காத்திருந்து கிடைத்த சில நாட்கள். அந்தச் சில நாட்களை ஒரு துளி வீணாக்காமல் வாழ்கிறார்கள்.

2024 மே மாதத்தில், பாரம்பரியக் கலைகளை மாணவர்களிடம் கொண்டுசெல்லும் ஸ்பிக் மேக்கே அமைப்பின் சர்வதேச மாநாடும் இங்கே நடந்தது. அப்போதுதான் இளையராஜாவின் பெயரில் இசை ஆய்வு மையம் ஒன்று இங்கே அறிவிக்கப்பட்டது, அவரே வந்திருந்தார். அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லை.

பெரிய விழாக்கள்தான் விசேஷம் என்று நினைத்துவிட வேண்டாம். வார இறுதியில் ஓ.ஏ.டி.யில் படம் போடுவார்கள். வசனத்துக்கு வசனம் மாணவர்கள் அடிக்கும் கமென்ட்டுக்காகவே போகலாம். ‘பிரக்ருதி’ என்ற இயற்கை ஆர்வலர் குழு மரங்களையும் பறவைகளையும் காட்டிக்கொண்டே நடத்திச் செல்லும். கிண்டிக் காட்டிலிருந்து பிரித்து 1959-ல் உருவாக்கிய வளாகம் இது. புள்ளிமானும் வெளிமானும் இன்னும் இங்கே எங்களோடு வாழ்கின்றன. அந்த நடை ஒன்றில்தான் வெளிமானின் முறுக்குக் கொம்பை அருகில் பார்த்தேன். ஹாஸ்டல்களுக்கிடையே நடக்கும் லிட்சாக் கலைப்போட்டிகள், ஷ்ரோட்டர் கோப்பை விளையாட்டுகள் இரண்டுக்கும் கைதட்ட ஆள் இருந்தால் பிள்ளைகளுக்கு உற்சாகம் இரட்டிப்பாகும். நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 2006-லிருந்து ஒரு பாரம்பரிய மையம் இருக்கிறது. ஜெர்மானிய உதவியோடு இந்த நிறுவனம் எழுந்த கதையைப் பழைய படங்களோடு அங்கே பார்க்கலாம். மதியச் சாப்பாட்டு இடைவேளை அதற்குப் போதும்.

சக ஊழியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஐந்தரைக்குப் பை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போகிற பழக்கத்தை மாதத்தில் ஒரு நாளாவது மாற்றுங்கள். இவையெல்லாம் மாணவர்களுக்கானவை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நாம் போய் உட்கார்ந்தால் பிள்ளைகள் முகம் மலர்வதை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். புதிதாகச் சேர்ந்த மாணவர்களே, முதல் வருஷம் படிப்பு மட்டும் போதும் என்று அறைக்குள் அடைந்துகிடக்காமல் ஏதாவது ஒரு விழாவில் தன்னார்வலராகப் பெயர் கொடுங்கள். வெளியே இருப்பவர்களுக்கு: சாஸ்திராவுக்கும் சாரங்குக்கும் முன்பதிவு டிசம்பரிலேயே தொடங்கிவிடும், அடையாள அட்டை அவசியம். மான்களுக்கும் குரங்குகளுக்கும் எதையும் கொடுக்காதீர்கள், பிளாஸ்டிக் பை கொண்டுவராதீர்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால், ஆய்வுக்கூடங்கள் திறக்கும் நாளுக்கு அவசியம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.