‘அக்டோபர் ஸ்கை’: படம் காட்டியதும் காட்டாததும்

பள்ளிப் பருவத்திலேயே விஞ்ஞான ஆராய்ச்சி செய்ய இயலுமா? இயலும் என்பதற்குச் சான்றாக நான் மாணவர்களிடம் அடிக்கடி கூறும் படம், ஜோ ஜான்ஸ்டன் இயக்கி 1999இல் வெளிவந்த ‘அக்டோபர் ஸ்கை’. ஹோமர் ஹிக்கம் தம் இளமையைப் பற்றி 1998இல் எழுதிய ‘ராக்கெட் பாய்ஸ்’ என்ற நூலே இதற்கு மூலம். நல்ல படம்தான். ஆயினும் ஆராய்ச்சியைப் பற்றி அது தரும் எண்ணம் முழுமையானதா என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

கதை நடக்கும் இடம் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள கோல்வுட் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊர். 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவுகிறது. வானத்தைப் பார்த்து வியந்த உயர்நிலைப் பள்ளி மாணவன் ஹோமர், நண்பர்களுடன் சேர்ந்து ராக்கெட் செய்யத் தொடங்குகிறான். 1960இல் தேசிய அறிவியல் கண்காட்சியில் பரிசும் பெறுகிறான். பின்னாளில் ஹோமர் நாசாவில் பொறியியலாளராகப் பணியாற்றினார்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கணக்கு. தங்கள் ராக்கெட்தான் காட்டில் தீ மூட்டியது என்ற பழியை மறுக்க, ஹோமர் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறான். உச்சியிலிருந்து ராக்கெட் விழுவதற்கு 14 நொடி ஆனது. நம் பாடநூலில் உள்ள சூத்திரத்தையே இட்டுப் பாருங்கள்: அரை × 9.8 × 14 × 14. ஏறக்குறைய 960 மீட்டர் வரும். அவ்வளவு உயரமே சென்ற ராக்கெட் தொலைவில் இருந்த காட்டை எட்டியிருக்க முடியாது!

ஆனால் இங்கேயே ஒரு குறையும் உண்டு. காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று படத்தில் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் விடை இன்னும் சுவையாக இருந்திருக்கும். காற்றுத் தடை இருந்தால் அதே 14 நொடியில் பொருள் குறைந்த தூரமே விழும். ஆகவே உண்மை உயரம் 960 மீட்டருக்கும் குறைவு. சிறுவர்களின் வாதம் மேலும் வலுப்பெறுகிறது. விடையைச் சொல்வதோடு அதன் பிழை எந்தப் பக்கம் சாயும் என்றும் சொல்வதே ஆராய்ச்சி.

இரண்டாவது குறை பெரியது. தடைகளை மீறிய தனி ஒருவனின் கனவாகவே படம் கதையை நடத்துகிறது. ஹோமர் படிப்பை நிறுத்திச் சுரங்கத்தில் வேலைக்கு இறங்குவது போன்ற காட்சிகள் அதற்காகச் சேர்க்கப்பட்டவை. நூலைப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. ராக்கெட்டின் வாயு வெளியேறும் நாசிலை வடிவமைக்க, கால்குலஸைத் தானே முயன்று கற்கிறான் ஹோமர். நாசிலின் குறுகிய கழுத்து வெப்பத்தில் அரித்துப் போகிறது. பொருளையும் வடிவத்தையும் மாற்றி மீண்டும் மீண்டும் சோதிக்கிறார்கள். இந்தப் பொறுமையைப் படம் சில நிமிடங்களில் ஓட்டிவிடுகிறது.

அந்தச் சிறுவர்களுக்குக் கிட்டிய வாய்ப்பு எது? பதக்கம் இறுதியில் வந்தது. அதற்கு முன்பே ஃப்ரீடா ரைலி என்ற ஆசிரியை தக்க நூல் ஒன்றைத் தந்தார். சுரங்கப் பட்டறைத் தொழிலாளர்கள் இரும்பைக் கடைந்து கொடுத்தனர். ஏவிப் பார்க்க ஒரு வெற்றுவெளி கிடைத்தது. இவை இல்லாமல் கனவு மட்டும் என்ன செய்திருக்கும்?

1950இல் தொடங்கிய அந்தக் கண்காட்சி இன்று பன்னாட்டு அளவில் வளர்ந்துள்ளது. இந்திய மாணவர்களும் அதில் பங்கேற்கிறார்கள். மகிழ்ச்சியே. ஆனால் நம் ஊர்க் கண்காட்சிகளில் நடுவராகச் சென்றபோது, “எத்தனை முறை அளந்தாய், தம்பி?” என்று நான் கேட்டால், “ஒரு முறைதான் சார், சரியாக வந்துவிட்டது” என்ற விடையையே பலமுறை கேட்டிருக்கிறேன். குற்றம் மாணவனுடையதன்று. பரிசுக்குத் தயார் செய்யும் நாம், மறுமுறை அளக்க அவனுக்கு நேரம் கொடுப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை: ராக்கெட் எரிபொருளை வீட்டில் கலந்து பார்க்க வேண்டாம். ஹோமரின் முதல் முயற்சியே வீட்டு வேலியைச் சிதறடித்தது.

மாறாக, ஒரு பாகைமானி, நூல், சிறு குண்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை அளந்து பாருங்கள். 10 மீட்டர், 20 மீட்டர், 30 மீட்டர் தொலைவில் நின்று அளவிடுங்கள். மூன்று விடைகளும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஏன் என்று ஒரு நோட்டில் எழுதி, ஆசிரியரிடம் காட்டுங்கள். அந்த ‘ஏன்’ உங்களை மறுநாளும் தொட்டியடிக்கு இழுத்துச் சென்றால், ஆராய்ச்சி தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.