காட்டுயிர் ஆய்வுக் குழுக்களின் சின்னம்: பாண்டாவும் இருவாச்சியும்

காட்டுயிர் ஆய்வுக்கென மாணவர் குழு அமைக்கும்போது ஓர் உயிரினச் சின்னம் வரைவதும் வழக்கம். அதன் நிறைகுறைகளை அறிய இரண்டு பழைய சின்னங்கள் உதவும்.

உலக இயற்கை நிதியம் 1961-ல் தொடங்கப்பட்டது. அப்போது லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் சி-சி என்னும் பாண்டா மக்களைப் பெரிதும் கவர்ந்திருந்தது. ஜெரால்ட் வாட்டர்சனின் கோட்டோவியங்களிலிருந்து பீட்டர் ஸ்காட் சின்னத்தை உருவாக்கினார். கறுப்பு வெள்ளை விலங்கு என்பதால் அச்சுச் செலவு குறைந்தது. இன்றைய வடிவில் முதுகுக்குக் கோடே இல்லை. கருந்திட்டுகளைக் கொண்டு பார்ப்பவரின் கண்ணே உருவத்தை நிறைவு செய்துகொள்கிறது. சிக்கனமே இதன் சிறப்பு.

1883-ல் நிறுவப்பட்ட மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சின்னம் மலை இருவாச்சி. சங்கத்தின் செயலராக இருந்த டபிள்யூ. எஸ். மில்லார்டின் நாற்காலிக்குப் பின்னால், ஒரு கூண்டில் 26 ஆண்டுகள் வாழ்ந்து 1920-ல் இறந்த 'வில்லியம்' என்ற பறவையே அதற்கு மாதிரி. சங்கத்தின் கட்டடமும் ஹார்ன்பில் ஹவுஸ் என்றே பெயர் பெற்றது. பொதுவான ஒரு பறவையாக இல்லாமல், உறுப்பினர்கள் பெயர் சொல்லி அழைத்த பறவையாக இருந்ததே இதன் உயிர்ப்புக்குக் காரணம்.

எனினும் இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. மாதிரிகள் இரண்டும் அடைபட்டு வாழ்ந்தவை. பெண் இருவாச்சி மரப்பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு அடைகாப்பதையும், ஆண் பறவை பழங்களைக் கொண்டுவந்து ஊட்டுவதையும், அவற்றின் எச்சத்தில் விழும் விதைகள் காடாக வளர்வதையும் கூண்டுப் பறவையிடம் காண முடியாது. களத்திற்குச் செல்லும் மாணவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது.

ஆனால் பல குழுக்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. ஓடைத் தவளைகளை எண்ணும் குழுவும் புலியின் தலையையே வரைந்துகொள்கிறது. புலி கம்பீரமானதுதான். ஆனால் அந்தக் குழு என்ன செய்கிறது என்பதை அது சொல்லாது. தாம் ஆராயும் தவளையையே வரைவதுதான் நேர்மை. அப்போதும் முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து என்பது பிசகக்கூடாது. சின்னத்தைப் பார்க்கும் சிறுவனுக்கு அதுவே முதல் பாடம். கட்டைவிரல் நகத்தளவு சுருக்கி, ஒரே வண்ணத்தில் நகலெடுத்த பின்னும் இன்ன உயிர் என்று தெரிய வேண்டும். பாண்டா அந்தத் தேர்வில் வென்றது. கவனிக்கப்படாத சிற்றுயிர்களும் வெல்லக்கூடும். அவற்றை வரைய முன்வர வேண்டும், அவ்வளவே.