மேரியின் முகம்

சர்ரியலிசக் கதைக்குப் படம் போடணும்னா இன்றைக்கும் பலர் மாக்ஸ் எர்ன்ஸ்டின் கத்தரிக்கோலைத்தான் கையில் எடுக்கிறார்கள். பழைய அச்சுப்படங்கள், பறவைத்தலை மனிதன், சிறகு முளைத்த சீமாட்டி. அழகாத்தான் இருக்கு. ஆனால் லியோனோரா காரிங்டனின் ‘தெபியூதாந்த்’ கதைக்கு அந்த வழி சரிப்படுமா என்பதுதான் என் கேள்வி.

காரிங்டன் இங்கிலாந்தின் லங்காஷயரில் மில் முதலாளி வீட்டில் 1917இல் பிறந்தவர். மேட்டுக்குடிப் பெண்களை அரசவையில் அறிமுகப்படுத்தும் சடங்கு அவருக்கும் 1935இல் நடந்தது. 1939இல் பாரிசில் வந்த அவருடைய ‘லா தாம் ஓவால்’ தொகுப்பில் இக்கதை இருக்கிறது. அதற்கு ஏழு கொலாஜ்கள் செய்தவர் அன்று அவருடன் வாழ்ந்த எர்ன்ஸ்ட்.

கதையில் ஒரு பணக்காரப் பெண்ணுக்கு விருந்து நடனம் பிடிக்கவில்லை. தனக்குப் பதிலாக மிருகக்காட்சிசாலைத் தோழியான கழுதைப்புலியை அனுப்புகிறாள். உடுப்பு சரி, முகத்துக்கு என்ன செய்வது? வேலைக்காரி மேரியின் முகத்தை எடுத்துக்கலாம் என்கிறது கழுதைப்புலி. கொன்ற பிறகுதான் பிய்க்கணும், வலிக்கும் என்கிறாள் பெண். அவ்வளவுதான் அவள் கருணை. மேரியை மணியடித்துக் கூப்பிடுகிறவளும் அவள்தான். மேரி உள்ளே வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

இதை மேட்டுக்குடிப் பெண்ணின் கலகம் என்று வாசிக்கிறார்கள். கலகம்தான், இல்லேங்கல. விலை கொடுத்தது யார்? பெண் விடுதலை என்று எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தியபோது தலித் பெண்கள் கேட்ட கேள்விதான் இது. காரிங்டனுக்கு இது தெரியாமலில்லை. கதை சொல்கிற சீமாட்டிக்குப் பேர் கிடையாது, மேரிக்குப் பேர் இருக்கிறது.

இப்போது எர்ன்ஸ்டுக்கு வருவோம். 1934இல் அவர் வெளியிட்ட ‘யூன் செமேன் த பொந்தே’யில் 182 கொலாஜ்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மலிவு நாவல்களில் வந்த மரச்செதுக்குப் படங்களை வெட்டி ஒட்டியவை. ஒட்டியதைப் படம்பிடித்து பிளாக் செய்து அச்சடித்ததால் வெட்டிய தடம் மறைந்துபோகும். சிங்கத்தலை பிறவியிலேயே அந்த உடம்பில் முளைத்த மாதிரி இருக்கும். அவருடைய சாதனையே அதுதான்.

காரிங்டனின் கதையில் அது தலைகீழ். அங்கே மனித உடம்பில் மிருகத்தலை, இங்கே மிருக உடம்பில் மனித முகம். அந்த முகத்துக்கு ஒரு சொந்தக்காரி இருந்தாள். வெட்டுத் தடத்தை மறைத்து அழகாக ஒட்டிவிட்டால் நாமும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டவர்களாகிறோம்.

எனக்குக் கறுப்பினக் கலைஞர் ரொமேர் பியர்டன் நினைவுக்கு வருகிறார். நியூயார்க்கில் 1964இல் காட்சிக்கு வைத்த படங்களில் பத்திரிகைப் புகைப்படங்களையும் ஆப்பிரிக்க முகமூடிகளின் படங்களையும் துண்டுதுண்டாகச் சேர்த்துக் கறுப்பு மக்களின் முகங்களைச் செய்தார். ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு. கை உடம்புக்குப் பொருந்தாது. ஒட்டினது ஒட்டினதாகவே தெரியும். பிய்க்கப்பட்ட வாழ்க்கையை வேறெப்படிக் காட்டுவது?

விருந்தில் கழுதைப்புலி முகத்தைக் கழற்றித் தின்றுவிட்டு ஜன்னல் வழியே பாய்ந்து போகிறது. படம் போடுகிறவர்களுக்கு அந்தப் பாய்ச்சல்மீதுதான் ஆசை. என்னைக் கேட்டால், வயிறு நிறைந்ததால் தின்னமுடியாமல் பூவேலை செய்த பைக்குள் அது பத்திரப்படுத்திய மேரியின் இரண்டு பாதங்களைப் போடச் சொல்வேன்.