ஊசியும் வாக்கும்

பெண்களின் வாக்குரிமைப் போரை நினைவூட்டும் பட்டைகளைக் கையால் தைத்து, தோளிலிருந்து இடைக்குக் குறுக்கே அணியும் வழக்கம் மேலை நாடுகளில் இன்றும் உண்டு. ‘பெண்களுக்கு வாக்கு’ என்னும் சொற்கள் அவற்றில் பொறிக்கப்படும். இவற்றின் நேர்த்தியைப் போற்றுவோர் பலர். நேர்த்தி ஒன்றே இவற்றுக்கு உரைகல் ஆகாது என்பதே நம் கருத்து.

முதலில் வண்ணத்தை நோக்குவோம். எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையார் 1903இல் மான்செஸ்டரில் நிறுவிய சங்கம், 1908இல் ஊதா, வெண்மை, பச்சை ஆகியவற்றைத் தன் வண்ணங்களாக ஏற்றது. அவற்றைத் தேர்ந்தவர் எம்மலின் பெத்திக் லாரன்ஸ் அம்மையார். ஊதா மாண்பையும், வெண்மை தூய்மையையும், பச்சை நம்பிக்கையையும் குறித்தன. அறவழியில் நின்ற மில்லிசென்ட் ஃபாசெட் அம்மையாரின் அமைப்புக்கோ சிவப்பு, வெண்மை, பச்சை. அமெரிக்கத் தேசியப் பெண்கள் கட்சிக்கு ஊதா, வெண்மை, பொன். ஒரு புள்ளி இடம் மாறினும் அரபுச் சொல்லின் பொருள் மாறிவிடுமன்றோ! அங்ஙனமே, பச்சை இருக்குமிடத்தில் பொன்னிழை புகுந்தால் பட்டையின் நாடும் மாறும்; வரலாறும் மாறும்.

இனி, கைவேலை. அன்று அணியப்பட்டவை யாவும் கையால் தைத்தவை அல்ல. சங்கத்தின் கடைகளில் மூவண்ணப் பொருள்கள் விலைக்கு விற்கப்பட்டன. வாங்கி அணிந்தவளும் ஏளனத்துக்கு அஞ்சாது வீதியில் நின்றாள். ஆகவே, பெருமை தையலுக்கு மட்டும் உரியதன்று.

ஆயினும், தையல் உயர்ந்து நின்ற இடமும் உண்டு. கண்ணாடிச் சாளரங்களை உடைத்ததற்காக 1912இல் லண்டன் ஹாலோவே சிறையில் அடைபட்ட பெண்கள், ஒரு கைக்குட்டையில் 66 கையொப்பங்களை நூலால் பொறித்தனர். சசெக்ஸ் பகுதியில் வெஸ்ட் ஹோத்லி என்னும் சிற்றூரின் காட்சியகத்தில் அது காக்கப்படுகிறது. இல்லத்துக்குள் அடங்கியிருக்கக் கற்பிக்கப்பட்ட ஊசி, அங்கே பெயர் சொல்லிச் சான்று பகர்ந்தது. தமிழில் ‘வாக்கு’ என்பது பேச்சையும் குறிக்கும். தேர்தல் உரிமையையும் குறிக்கும். பின்னது மறுக்கப்பட்ட மகளிர், முன்னதைத் துணியில் எழுதினர்.

1918இல் முப்பது வயது நிரம்பிய பெண்களுக்கு, சொத்து முதலிய நிபந்தனைகளுடன் வாக்குரிமை கிடைத்தது. ஆடவர்க்கு நிகரான உரிமை 1928இலேதான் வந்தது. இவ்வரலாற்றை அறியாது தைக்கப்படும் பட்டை, எத்துணை அழகாயினும் ஒருநாள் ஒப்பனையே. அறிந்து தைக்கும் மகளின் கையில், கோணலான தையலும் படிக்கத்தக்க ஏடாகும்.