கேட்கும், கீழ்ப்படியாது

மனிதரோடு சேர்ந்து மனோதர்மமாக வாசிக்கும் இயந்திரங்கள் இன்று பல இருக்கின்றன. என்னைக் கேட்டால், அவற்றில் முதல் இடம் ஜார்ஜ் லூயிஸ் எழுதிய ‘வாயேஜர்’ என்ற மென்பொருளுக்குத்தான். செயற்கை நுண்ணறிவைப் பற்றி யாரும் தெருவில் பேசாத காலத்தில் பிறந்தது அது. அதன் இசைத் துணிச்சல் பின்னால் வந்த பலவற்றுக்கு வாய்க்கவில்லை.

லூயிஸ் சிகாகோவில் பிறந்த டிராம்போன் கலைஞர். கறுப்பின இசைக் கலைஞர்கள் 1965இல் அந்நகரில் தொடங்கிய ஏ.ஏ.சி.எம். சங்கத்தில் 1971இல் சேர்ந்தவர். ஒருவர் முன்னால், மற்றவர்கள் பின்னால் என்ற வரிசை அங்கே செல்லாது. எல்லோரும் ஒரே நேரத்தில் சொந்தக் குரலில் வாசிக்கலாம். அந்தப் பண்பாட்டில் ஊறியவர் 1986 முதல் 1988 வரை ஆம்ஸ்டர்டாமின் ஸ்டைம் ஸ்டுடியோவில், ஃபோர்த் என்ற நிரல்மொழியில் வாயேஜரை உருவாக்கினார்.

அதன் வேலை நடக்கும் விதமே ரசிக்கத்தக்கது. டிராம்போனின் ஒலியை ஒரு கருவி, கணினி புரிந்துகொள்ளும் மிடி எண்களாக மாற்றித் தருகிறது. ஸ்வரத்தின் உயரம், வாசிப்பின் அழுத்தம், ஸ்வரங்களுக்கு நடுவே விழும் இடைவெளி எல்லாவற்றையும் வாயேஜர் அந்த எண்களிலிருந்து கணித்துக்கொண்டே இருக்கிறது. அதற்குள் 64 பேர் வரை ‘வாத்தியக்காரர்கள்’ உண்டு. ஒவ்வொருவரும் தன் போக்கில் இயங்கக்கூடியவர். 5 முதல் 7 வினாடிக்கு ஒருமுறை ஒரு துணைநிரல் இவர்களைக் கலைத்துப் புதிய குழுவாகச் சேர்க்கிறது. எத்தனை பேர், என்ன வாத்தியம், என்ன வேகம், எந்த ஸ்வரக் கூட்டம் என்பதெல்லாம் மாறிவிடும். மனிதரைப் பின்பற்றுவதா, எதிர்த்து வாசிப்பதா, காதிலேயே போட்டுக்கொள்ளாமல் போவதா என்பதும் புதிய குழுவின் முடிவு.

ஒருவர் நீண்ட ஸ்வரம் ஒன்றைப் பிடித்து நிற்கிறார் என்று வையுங்கள். வாயேஜர் அதற்கு ஒத்தாசையாக வரலாம். வேறொரு வேகத்தில், வேறொரு சுருதியில் தன் கதையைச் சொல்லிக்கொண்டும் போகலாம். ஸ்வரத்தை விடுவதா, இன்னும் பிடித்திருப்பதா என்று இப்போது யோசிக்க வேண்டியவர் மனிதர்தான். அவர் கருவியை இறக்கி வைத்துவிட்டாலும் இசை நிற்காது. தானாகவே வாசிக்க அதனிடம் விஷயம் இருக்கிறது.

மற்ற இயந்திரங்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பாரிஸின் சோனி ஆய்வகத்தில் பிரான்சுவா பாஷே உருவாக்கிய ‘கன்டின்யுவேட்டர்’ நாம் வாசிப்பதைக் கேட்டு, நம் பாணியிலேயே தொடர்ந்து வாசிக்கும். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் கில் வைன்பெர்க் குழு செய்த ‘ஷிமோன்’ நான்கு கைகளால் மரிம்பா வாசித்துத் தாளத்துக்குத் தலையாட்டும். இரண்டும் அருமையான படைப்புகள். ஆனால் கன்டின்யுவேட்டர் பாடகரின் ஆலாபனையை நிழலாகத் தொடரும் வயலின் போன்றது. நாம் போகாத இடத்துக்கு நம்மை இழுப்பது அதன் வேலையல்ல. வாயேஜர் இழுக்கிறது.

ஸ்வரங்கள் அளவுக்கு மீறிக் குவிகின்றன என்பது வாயேஜரைப் பற்றி எழும் புகார். லூயிஸ் 2000இல் எழுதிய கட்டுரைக்கு அந்தப் புகாரையே தலைப்பாக வைத்தார். பல நிறங்களும் பல தாளங்களும் ஒன்றுக்கொன்று அடங்காமல் சேர்ந்து நிற்பது ஆப்பிரிக்க அமெரிக்கக் கலையின் அழகு என்பதும், அந்த அழகைத் தெரிந்தே நிரலுக்குள் வைத்தேன் என்பதும் அவர் வாதம். எனக்கு அது முழுக்கச் சரி. இயந்திரம் எதுவும் வெறும் கணக்கால் ஆனதல்ல. எழுதியவரின் ரசனையும் அவர் வளர்ந்த சபையின் ஒழுக்கமும் அதில் கலந்தே இருக்கும்.

பின்னாளில் யமஹாவின் டிஸ்க்ளேவியர் பியானோவிலும் வாயேஜர் வாசித்தது. விரல் படாமலே கட்டைகள் இறங்கி எழும். பல வாத்தியங்களின் நிறம் அதில் இல்லை. பதிலாக ஒவ்வொரு முடிவும் பளிச்சென்று தெரியும்.

தொடங்க விரும்புவோர் சாக்ஸபோன் கலைஞர் ராஸ்கோ மிட்செலுடன் லூயிஸ் வாசித்த 1993ஆம் ஆண்டின் ‘வாயேஜர்’ இசைத்தட்டைக் கேளுங்கள். முதல் தடவை மனிதர்களைத் தொடருங்கள். இரண்டாவது தடவை இயந்திரத்தை மட்டும் தொடருங்கள். அது எங்கே இணங்குகிறது, எங்கே விலகுகிறது என்று உங்கள் காதே பிரித்துச் சொல்லத் தொடங்கும்.