மாசிப் புளியும் ஆடித் தள்ளுபடியும்

மாசி பிறந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் புதுப்புளி வந்துவிடும். அம்மாவும் அத்தையும் பக்கத்து வீட்டு அக்காவும் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தால், ஓடும் நாரும் நீக்கிக் கொட்டை எடுத்து முடிக்க மூன்று நாளாகும். வெயிலில் காயவைத்து, உப்புப் போட்டு மண்பானையில் அடைத்துவிட்டால் அடுத்த மாசி வரை புளிக்காகக் கடைக்குப் போகவேண்டாம். பிறகு மிளகாய் வற்றல், மல்லி. பருவத்தில் மொத்தமாக வாங்கி வைப்பதுதான் சிக்கனம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். இன்றும் அதில் பாதியை நம்புகிறேன்.

நம்பக் காரணம் உண்டு. அறுவடை நேரத்தில் சரக்கு ஒரே சமயத்தில் சந்தைக்கு வருகிறது. விவசாயிக்கும் கையில் காசு வேண்டும், விலை இறங்குகிறது. ஆனால் விலையைவிடப் பெரிய லாபம் தரம்தான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயைப் பருவத்தில் வாங்கி, காம்பு கிள்ளி, மொட்டை மாடியில் காயவைத்து, மில்லில் நம் கண்ணெதிரே அரைத்தால் அதில் கலப்படத்துக்கு இடமில்லை. இந்த நிம்மதியைப் பொட்டலத் தூளில் பெற முடியாது. நன்றாகக் காயாவிட்டால் மட்டும் ஆபத்து. பூஞ்சை பிடித்த மிளகாயில் நச்சு சேரும். அதை மறுபடி வெயிலில் போட்டாலும் போகாது.

பருப்புக்கு வரும்போது கணக்கு தடுமாறுகிறது. புதுத் துவரை தை, மாசியில் வருகிறது. கிலோ 150 ரூபாய்க்கு 24 கிலோ வாங்கி வைக்கிறோம், ஆண்டுக் கடைசியில் அது 170 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 480 ரூபாய் என்று மனம் சொல்லும். அது சரியல்ல. விலை ஏறும்போதே நாம் தின்றும் வருகிறோம். விலை சீராக ஏறியிருந்தால் கிலோவுக்குச் சராசரி மிச்சம் 10 ரூபாய். ஆக மொத்தம் 240. அந்த 3,600 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கி மாதாமாதம் அடைப்பவருக்கு, ஓராண்டில் வட்டியே 400ஐத் தாண்டிவிடும். கையில் மொத்தப் பணம் உள்ளவருக்கு மிச்சம், இல்லாதவருக்கு நட்டம். அவருக்கு ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பு, எந்தப் பருவக் கொள்முதலையும்விடப் பெரிய உதவி.

தவிர, விலை ஏறியே தீரும் என்று எழுதிவைத்திருக்கவில்லை. 2015 அக்டோபரில் துவரம்பருப்பு நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வாங்கி வைத்தவர்கள் தப்பித்தார்கள். அந்த அனுபவத்தில் மிரண்டு 2016இல் சேர்த்து வைத்தவர்களோ, அடுத்த அறுவடை அமோகமாக வந்து, குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்ற ஆதரவு விலைக்கும் கீழே துவரை விழுந்ததைப் பார்த்தார்கள். வீட்டில் பழைய பருப்பு, அதில் வண்டு.

இப்போது பருவத்தில் வாங்கும் இந்தப் பழக்கத்தைக் கடைகள் தள்ளுபடிக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. ஆடித் தள்ளுபடி துணிக்கடையில் பிறந்தது. கல்யாணம் இல்லாத மாதத்தில் வியாபாரம் மந்தம், அதனால் விலைக் குறைப்பு. அதில் நியாயம் இருந்தது. இப்போது மளிகைக் கடைகளும் அதைப் போடுகின்றன. ஆனால் மளிகைக்கு ஆடியில் என்ன பருவம்? புளியும் மிளகாயும் வந்து ஓய்ந்திருக்கும். துவரையை அப்போதுதான் விதைப்பார்கள். ஆகவே அங்கே மலிவது விளைபொருள் அல்ல. பிஸ்கட், நூடுல்ஸ், சோப்பு. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்த பிஸ்கட்டைப் பிள்ளைகள் இரண்டு மாதம் வைத்துத் தின்பதில்லை, இரண்டே வாரத்தில் தீர்த்துவிடுகிறார்கள். சோப்பு பரவாயில்லை, அது காத்திருக்கும். பொட்டலத்தின் மேல் கிராமுக்கு எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்காமல் தள்ளுபடி அட்டையை மட்டும் பார்ப்பவர், மிச்சம் பிடித்தோமா என்பதை அறியவே முடியாது.

நான் இப்போது புளி, மிளகாய், மல்லி மூன்றை மட்டும் ஆண்டுக்கு வாங்குகிறேன். பருப்பு இரண்டு மாதத்துக்கு மேல் இல்லை. எண்ணெய் மாதாமாதம், நாள்பட்டால் சிக்கு வாடை வந்துவிடும். தக்காளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2023 ஜூலையில் அது கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது எந்த முன்யோசனையும் யாருக்கும் கைகொடுக்கவில்லை.

ஆனால் இத்தனை கணக்கிலும் நான் பல ஆண்டு சேர்க்காமல் விட்ட ஒன்று, திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று பெண்களின் நாட்கள். குடும்பம் மிச்சம் பிடித்த காசு அவர்கள் இடுப்பிலிருந்து வந்தது. போன மாசியில் கொட்டை எடுத்த புளியாகவே வாங்கிவந்தேன். கொட்டைப்புளிக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அம்மா கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு நாள் உக்காந்ததுக்கு இவ்வளவுதானாப்பா?” என்றார்.