பாடப் படங்களில் இல்லாத சேரி

அறிவியலுக்குச் சாதி இல்லை என்கிறார்கள். இருக்கட்டும். அறிவியலைச் சொல்லித்தர எடுக்கிற ஐந்து நிமிடப் படத்துக்குச் சாதி உண்டா இல்லையா என்பதுதான் என் கேள்வி. கதையை, கவிதையை, சினிமாவை எடுத்து வைத்துக்கொண்டு யார் குரல், யார் வீடு, யார் சோறு என்று பிரித்து மேய்கிற நாம், நம் பிள்ளைகள் தினமும் பார்க்கிற பாட வீடியோவை மட்டும் விமர்சனத்துக்கு வெளியே விட்டு வைத்திருக்கிறோம். அது வெறும் பாடம்தானே என்கிற நினைப்பு. வெறும் பாடம் என்று ஒன்று கிடையாது.

பாலாற்றங்கரைச் சேரி ஒன்றில் ராத்திரி வகுப்பு நடத்துகிறவள் நான். ஆறாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். நான் படித்தது எம்.ஏ. தமிழ். அறிவியலும் கணக்கும் வீடியோவைப் போட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்துதான் நடத்துகிறேன். நூற்றுக்கணக்கில் பார்த்தாயிற்று. அந்தத் தெம்பில் எழுதுகிறேன்.

படம் காட்டினால் கல்வி வந்துவிடும் என்கிற நம்பிக்கை புதுசு இல்லை. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று காலையில் தனி நிகழ்ச்சி உண்டு. தமிழ்நாடு அதில் இல்லை. பெட்டியை ஊர்ப் பொதுவில் வைத்தார்கள். ஊர்ப் பொது என்பது யாருடைய இடம் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பின்னால் 2018இல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் அரசின் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்குமான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் கதவு திறந்தது. அந்த ஒன்றரை வருசத்துக்கு மேலான காலத்தில் வீட்டுக்கு ஒரு செல்போன். அதுவும் அப்பன் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடும். ராத்திரி போன் வருகிறபோது பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடும். இது தெரிந்த கதை, இதோடு நிறுத்திக்கொள்கிறேன். போன் கிடைத்த பிறகு அதில் என்ன தெரிகிறது என்பதுதான் யாரும் பேசாதது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். வீடியோ தீட்டுப் பார்ப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் ‘தொடாதே, உடைச்சிடுவ’ என்ற சொல் எந்தப் பிள்ளையைப் பார்த்து அதிகம் சொல்லப்படும் என்று நமக்குத் தெரியும். வீடியோ அப்படிச் சொல்லாது. இருபது தடவை பின்னால் தள்ளிப் பார்த்தாலும் எரிந்து விழாது. இதயத்தின் நாலு அறையும் திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு ஒரு பெண் தன் நெஞ்சில் கையை வைத்து, ‘இதானாக்கா உள்ள அடிச்சிக்கினு கீது’ என்றாள். கரும்பலகையில் நான் எத்தனை படம் போட்டாலும் அந்தக் கேள்வியை வாங்கியிருக்க முடியாது. ஆனால் தீட்டுப் பார்க்காத வீடியோ பிள்ளையையும் பார்ப்பதில்லை. எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. தெரியாதபோது அது ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்கிறது. அந்தக் கற்பனைப் பிள்ளை வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, படிக்கிற மேசை இருக்கிறது, அம்மா பகலில் வீட்டில் இருக்கிறாள். சரிவிகித உணவு என்றால் பால், நெய், பாதாம், கீரை, கொஞ்சம் தைரியம் வந்தால் முட்டை. புரதமும் இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் மாட்டுக்கறியில் இருக்கிறது என்று சொல்ல ஒரு படத்துக்கும் வாய் வரவில்லை.

ஒலி பற்றிய பாடத்துக்கு வருவோம். அதிர்வு, இழுவிசை, சுருதி. உதாரணத்துக்கு வீணை வரும், மிருதங்கம் வரும், கிதார் வரும். தோலை இறுக்கினால் சுருதி ஏறும் என்று சொல்வார்கள். இந்தச் சங்கதி எங்கள் தெருவில் அஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். பனிக்காலத்தில் பறையின் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். அடித்தால் சத்தம் அமுங்கிப் போகும். வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டிக் காய்ச்சுவார்கள். ஈரம் போய்த் தோல் சுருங்கி வட்டச் சட்டத்தில் இறுகும். விரலால் தட்டிப் பார்த்து, போதும் என்று எடுப்பார்கள். ஆவியாதல், சுருங்குதல், இழுவிசை, அதிர்வெண் என்று நாலு பாடம் ஒரே நெருப்பில் இருக்கிறது. மிருதங்கத்தின் தோல் மட்டும் வானத்திலிருந்தா வந்தது? மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் பதப்படுத்தி அதைச் செய்து தருகிறவர்கள் யார் என்று டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். பாட வீடியோவில் வாசிக்கிற விரல் தெரிகிறது. தோலை உரித்துப் பதம்போட்ட கை தெரிவதில்லை.

எம்.ஏ.வில் தொல்காப்பியத்தைப் படித்து, திணைக்கொரு பறை உண்டு, பறை கருப்பொருள் என்று எழுதி மார்க்கு வாங்கினேன். சாவுக்கு அடிக்கிற எங்கள் பெரியப்பாவின் பறையைப் பற்றி அந்த வகுப்பில் ஒரு பேச்சும் இல்லை. இலக்கியத்தில் பழம்பெருமையாக வரும் பறை, அறிவியலில் உதாரணமாகக்கூட வராது.

பறையாவது பெருமை சம்பந்தப்பட்ட விசயம். அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் மணம் என்ன? அழுகிய முட்டை மணம். ஒரு மார்க்கு. வீடியோவில் குடுவை வரும், மஞ்சள் எழுத்து வரும், மூக்கைப் பொத்துகிற ஒரு பொம்மை வரும், பிள்ளைகள் சிரிக்கும், முடிந்தது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். மலக்குழியின் கசடைக் கலக்கினால் அடைபட்டிருந்தது குபுக்கென்று வெளியேறும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். வாசனை தெரியாது. ‘நாத்தம் போயிடுச்சி, இனி எறங்கலாம்’ என்று நினைக்கிற நேரம்தான் சாவு நேரம். அளவு மிகுந்திருந்தால் சில மூச்சிலேயே ஆள் சாய்வார். தூக்கப் போன தம்பியும் சாய்வார். ‘குழியில் மூவர் பலி’ என்று பேப்பரில் வருகிறதே, அதன் வேதியியல் இதுதான்.

செத்தவர்கள் எந்தத் தெரு என்று கேட்க வேண்டியதில்லை. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் 30 லட்சம் என்று உயர்த்தியது. பிணத்தின் விலை ஏறியது. பாடத்தில் அந்த ஒரு மார்க்கு ஒரு மார்க்காகவே இருக்கிறது. மூக்கு மரத்துப் போவதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொன்னால் எங்கள் பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பனிடம் சொல்லும். பத்திரமாக இறங்கச் சொல்லித்தர நான் கேட்கவில்லை. இறங்க மாட்டேன் என்று சொல்வதற்கான காரணத்தைப் பாடமாகக் கேட்கிறேன். 2017இல் திவ்யா பாரதி ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தை எடுத்தார். ஊர் ஊராகத் திரையிடுவதைப் போலீஸ் தடுத்தது. படத்தை யூடியூபில் போட்டார்கள். அது பள்ளிக்கென்று எடுத்த படம் இல்லை. ஆனால் பாட வீடியோ எதை வெட்டிவிட்டுப் பாடம் ஆகிறதோ, அது அந்தப் படத்தில் இருக்கிறது.

‘இதெல்லாம் அரசியல்; பாடம் தெளிவா இருந்தா போதாதா?’ என்று வாத்தியார் நண்பர் ஒருவர் கேட்டார். தெளிவு போதாது என்று அறிவியல் படம் எடுக்கிறவர்களே சொல்லியிருக்கிறார்கள். யூடியூபில் பேர்பெற்ற டெரெக் முல்லர் 2008இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். வழவழவென்று தெளிவாக விளக்கும் படத்தைப் பார்த்த மாணவர்கள் ‘நன்றாகப் புரிந்தது’ என்றார்கள். பரீட்சை வைத்தால் அவர்கள் பழைய தவறான எண்ணம் அப்படியே இருந்தது. மாணவர்களின் தவறான எண்ணத்தை முதலில் வெளியே எடுத்துப் பேசி, பிறகு விளக்கிய படம் குழப்பமாகத்தான் இருந்தது. ஆனால் அதில்தான் கற்றார்கள். பிள்ளையின் தலைக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பாடம் ஏறாது என்பது இதற்கு அர்த்தம். எங்கள் பிள்ளைகள் தலைக்குள் பறை இருக்கிறது, தோல் ஊறப்போட்ட தொட்டி இருக்கிறது, செங்கல் சூளை இருக்கிறது. அங்கிருந்து தொடங்காத படம் அவர்களுக்குப் புரிந்த மாதிரி மட்டுமே இருக்கும்.

சல்மான் கானின் வீடியோக்களை உலகமே பார்க்கிறது. 2004இல் தூரத்தில் இருந்த உறவுக்காரப் பிள்ளை ஒருத்திக்குக் கணக்கு வரவில்லை என்று சொல்லித்தரப் போய்த்தான் அவர் அந்தப் பக்கம் வந்தார். தெரிந்த பிள்ளை, தெரிந்த தடுமாற்றம். எங்கள் தெருப் பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு யார் படம் எடுத்தார்கள்?

நாங்களே எடுத்தோம். பறை காய்ச்சுவதைச் செல்போனில் நாலு நிமிடம். பெரியப்பா நெருப்பு மூட்ட, ஒன்பதாவது படிக்கிற பெண் ஏன் சத்தம் மாறுகிறது என்று விளக்கினாள். காய்ச்சுவதற்கு முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி. காதிலேயே பாடம் ஏறிவிடும். முடிந்ததும் அவள் சொன்னாள்: ‘அக்கா, இத்த எங்க ஸ்கூல் குரூப்ல மட்டும் போட்டுடாத.’ ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பெரியப்பாதான் கேட்டார், ‘இன்னா, அசிங்கமாடா கண்ணு?’ அவள் தலையைக் குனிந்துகொண்டு, ‘இல்ல பெரிப்பா, நீ வந்துட்டுப் பூடுவ, நாந்தானே தெனம் போய் அவங்ககூட குந்தணும்’ என்றாள்.

அந்தப் படம் இன்னும் என் போனில்தான் இருக்கிறது. அவள் சரி என்று சொல்லாமல் வெளியே போகாது. நம்மில் சிலர், அடையாளத்தைத் தைரியமாகச் சொல்ல வேண்டாமா என்று கேட்பார்கள். பெரியவர்கள் சொல்லட்டும், நான் சொல்கிறேன். பதினாலு வயசுப் பிள்ளை முதுகில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. நாங்கள் எடுத்தால் அது ‘அவங்க வீடியோ’ ஆகிவிடும். அதையே அரசு எடுத்து எல்லாப் பள்ளிக்கும் காட்டினால் வெறும் ஒலிப் பாடமாக இருக்கும். ஊர்த் தெருப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பறையின் இழுவிசையை ஒரு மார்க்குக்கு எழுதுவார்கள். எவளும் தனியாகத் தலையைக் குனிய வேண்டியதில்லை.

ஆகவே நாம் தனியாக மாற்றுப் படம் எடுத்தால் போதும் என்று நான் நினைக்கவில்லை. எடுப்போம். அதோடு, வரிப் பணத்தில் ஓடுகிற கல்வித் தொலைக்காட்சியிடமும் பாடநூல் எழுதுகிறவர்களிடமும் பேர் சொல்லிக் கேட்போம்: பறைக்கு நாலு நிமிடம், மலக்குழி வாயுவுக்கு ஐந்து நிமிடம். அது வருகிற வரைக்கும் எங்கள் ராத்திரி வகுப்பில் படம் தொடர்ந்து ஓடாது. ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, இதில் யார் இல்லை, எது சொல்லப்படவில்லை என்று பிள்ளைகளைக் கேட்டுவிட்டுத்தான் ஓட்டுவோம். அழுகிய முட்டை என்று வந்தவுடனே இப்போது அவர்களே நிறுத்தச் சொல்கிறார்கள்.